புது கோல்ஃப் அயர்ன் செட்டைக் குளிரில் அடித்துப் பழக்கலாமா, ஏப்ரல் வரை மூடி வைக்கலாமா?

வடக்குவீதி | ஸ்கார்பரோ | நவம்பர் 14

எல்லோருக்கும் வணக்கம். பழைய காஸ்ட் கேவிட்டி (வார்த்து, பின்பக்கம் குடைந்த) செட்டை விட்டுவிட்டு ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்னுக்கு மாறியிருக்கிறேன். மிசுனோ, 5 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை, ஸ்டீல் ஷாஃப்ட். ஓகஸ்டில் ஃபிட்டிங் (ஆளுக்கேற்ப அளவெடுப்பது) முடித்து ஓர்டர் கொடுத்தது. ஷாஃப்ட் வர இழுபட்டு, செட் கைக்கு வந்தபோது நவம்பர் ஆகிவிட்டது.

பொறுமை இல்லாமல் சனிக்கிழமை காலை டாம் ஓஷான்டர் கோல்ஃப் கோர்ஸுக்குக் கொண்டுபோனேன். வெப்பநிலை 3 டிகிரி, வடமேற்குக் காற்று. ஃபிட்டிங்கில் 150 யார்டு கேரி (பந்து காற்றில் போகும் தூரம்) காட்டிய ஏழாம் அயர்ன் 135ஐத் தாண்டவில்லை. நடு முகத்தில் பட்ட பந்துகூடக் கல்லை அடித்த மாதிரி கையை உதறியது. ஃபோர்ஜ்டு என்றால் வெண்ணெய் போல இருக்கும் என்றார்களே, அந்த மென்மை எங்கே?

என்னோடு விளையாடும் அண்ணை ஒருவர், "புது இரும்பு, கொஞ்ச நாள் அடித்தால் இளகிவிடும்" என்கிறார். இன்னொருவர், குளிரில் அடித்தால் ஹெட்டில் வெடிப்பு வரும், ஏப்ரல் வரை பேஸ்மென்டில் வை என்கிறார். தூரம் குறைவதால் லொஃப்டை (கிளப் முகத்தின் சாய்வுக் கோணத்தை) ஒரு டிகிரி குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கிளப்பட்டறை | மிசிசாகா | நவம்பர் 14

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: லொஃப்டில் கை வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் 15 டிகிரி வரும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். நவம்பரில் தூரம் போகவில்லை என்று லொஃப்டை வளைத்துக்கொண்டு போனவர்கள் மே மாதத்தில் திரும்ப நேராக்க வருவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இரண்டு முறையும் கூலி வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இரும்பு இளகுவது என்று ஒன்று கிடையாது. மிசுனோவின் பல ஃபோர்ஜ்டு மாடல்கள் 1025 வகை மென்கார்பன் எஃகு. நீங்கள் பந்தை அடிக்கும் விசையில் அது பழகவும் செய்யாது, இளகவும் செய்யாது. வெப்பநிலை 30 டிகிரி இறங்கினாலும் எஃகின் விறைப்பு மாறுவது ஒரு சதவீத அளவுதான், கைக்கு அது தெரியாது. மூன்று டிகிரியில் ஹெட் வெடிக்கும் என்பதும் வீண் பயம். தலையின் தடிமனைப் பாருங்கள், பந்தின் எடையைப் பாருங்கள். பந்துக்குச் சட்டப்படி அதிகபட்சம் 45.93 கிராம்தான்.

அப்படியானால் கையை உதறியது எது? பந்து. அதன் உள்கரு பாலிபியூட்டடையீன் ரப்பர். குளிரில் ரப்பர் இறுகும், நசுங்கி மீளும் வேகம் குறையும். அயர்ன் அதே அயர்ன்தான், பந்துதான் வேறு பந்தாகிவிட்டது. அதோடு கிரிப்பும் ரப்பர்தான், அதுவும் விறைத்துப்போய் அதிர்வைக் குறைக்காமல் அப்படியே விரலுக்கு அனுப்புகிறது. விரலும் மரத்துப்போயிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் நீங்கள் ஹெட்டின் குணம் என்று நினைக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். பந்து இரவு முழுக்கக் காரின் டிக்கியில் இருந்ததா?


வடக்குவீதி | ஸ்கார்பரோ | நவம்பர் 14

ஓம் ஐயா, பாக்கோடு டிக்கியில்தான் இருந்தது. முதல் நாள் இரவு மைனஸ் 2.


கிளப்பட்டறை | மிசிசாகா | நவம்பர் 14

சரி, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ரப்பர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேல்தோல் சீக்கிரம் சூடாகிவிடும், உள்ளே போய்ச் சேர மணிக்கணக்காகும். காலையில் கார் ஹீட்டரைப் போட்டு அரைமணி ஓட்டினால் போதாது. முதல் நாளே பந்தை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பாக்கையும் உள்ளே எடுத்தால் கிரிப்பும் பிழைக்கும்.


அடர்த்தி | எடிசன், நியூ ஜெர்சி | நவம்பர் 15

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், கோல்ஃப் பைத்தியம். காற்றின் கணக்கை மட்டும் சேர்க்கிறேன்.

கடல்மட்ட அழுத்தத்தில் 27 டிகிரியில் ஒரு கனமீட்டர் உலர்ந்த காற்றின் எடை சுமார் 1.18 கிலோ. 3 டிகிரியில் சுமார் 1.28 கிலோ. ஓகஸ்டுக்கும் இப்போதைக்கும் எட்டு ஒன்பது சதவீதம் வித்தியாசம். அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் பந்து போக வேண்டும். தடிமனான காற்று தூக்குவிசையையும் கூட்டும் என்பதால் பந்து சற்று மேலே ஏறி, வேகம் இழந்து, செங்குத்தாக விழும். எதிர்க்காற்றில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

கோல்ஃபர்கள் வாய்வழியாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 10 ஃபாரன்ஹீட் குறைந்தால் 2 யார்டு குறையும். 27 செல்சியஸிலிருந்து 3க்கு இறங்குவது 43 ஃபாரன்ஹீட். அதன்படி ஒன்பது யார்டு அளவு போய்விடுகிறது. உறைந்த பந்துக்குக் கொஞ்சம். மூன்று அடுக்கு உடுப்புக்குள் உங்கள் தோள் எவ்வளவு திரும்பியிருக்கும்? கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தாலே ஏழாம் அயர்னில் இரண்டு யார்டுக்கு மேல் போகும். உங்கள் 15 யார்டு எங்கே காணாமல் போனது என்று தேட வேண்டியதே இல்லை.

இன்னொன்று. காற்றடித்தால் வெப்பநிலை மைனஸ் 8 போல 'உணரப்படும்' என்று ஆப் காட்டுமே, அது நம் தோலுக்குத்தான். பந்துக்கும் கிளப்புக்கும் அந்த எண் பொருந்தாது. வெளியில் 3 டிகிரி என்றால் அவை 3 டிகிரிக்குக் கீழே போகா. சூடான காரிலிருந்து எடுத்த பந்து காற்றில் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான்.


மழைவிரும்பி | வான்கூவர் | நவம்பர் 15

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் மாறுபடுகிறேன்.

இந்தப் பக்கம் குளிர்காலம் முழுக்க விளையாடுகிறோம். ஐந்து, ஆறு டிகிரி, தூறல், சேறு. புது அயர்னைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல பருவம் இல்லை என்பது என் திடமான கருத்து. கோடையில் காய்ந்த ஃபேர்வே புல்தரையில் கொஞ்சம் தடித்து (பந்துக்கு முன்பே தரையில் பட்டு) அடித்தாலும் பந்து போய்விடும். ஈரத் தரையில் அரை அங்குலம் பின்னால் பட்டாலே மண்ணில் செருகி நின்றுவிடும். சோலின் (அடிப்பாகத்தின்) அகலம், முன்விளிம்பின் கூர்மை, பவுன்ஸ் (சோல் மண்ணில் செருகாமல் தடுக்கும் கோணம்) எல்லாம் அந்தத் தரையில்தான் தெரியும். சிமுலேட்டரில் (உள்ளரங்கில் திரையைப் பார்த்து அடிப்பது) மேட் விரிப்பின் மேல் அடித்துவிட்டு "என் ஸ்ட்ரைக் பிரமாதம்" என்பவர்களைப் புல்லில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள்.

வடக்குவீதி, பேஸ்மென்டில் வைக்காதீர்கள். அடியுங்கள். தூரத்தை மறந்துவிடுங்கள், டிவாட்டை (கிளப் புல்லைப் பெயர்த்த இடத்தை) பாருங்கள். டிவாட் பந்து இருந்த இடத்தைத் தாண்டி இலக்குப் பக்கம் தொடங்குகிறதா, ஆழம் சீராக இருக்கிறதா, ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) மட்டும் ஆழமாக வெட்டுகிறதா என்று பாருங்கள். இதற்கு வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை.


கிளப்பட்டறை | மிசிசாகா | நவம்பர் 15

மழைவிரும்பி சொல்வதில் நிஜம் இருக்கிறது. ஆனால் வான்கூவர் ஈரத் தரை வேறு, ஒன்டாரியோவில் டிசம்பரில் உறைந்த தரை வேறு. ஈரத் தரை கிளப்பை உள்ளே விடும். உறைந்த தரை விடாது. சோல் பட்டுத் துள்ளி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் போய் அடிக்கும். இப்படிப் பட்ட அடியை வைத்து "இந்த செட்டில் பவுன்ஸ் அதிகம்" என்று முடிவுகட்டினால் அது தப்பான முடிவு. தவிர, மென்கார்பன் எஃகுக்கு வளையும் குணம் உண்டு. வளைத்துச் சரிசெய்ய முடிகிறது என்பதற்காகத்தானே ஃபோர்ஜ்டு வாங்குகிறோம். உறைந்த தரையிலும் கான்கிரீட்டின் மேல் போட்ட மெல்லிய மேட்டிலும் மாதக்கணக்கில் அடித்த செட்டை அளந்தால் ஒன்றிரண்டு கிளப்பில் லொஃப்டோ லையோ (ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணம்) ஒரு டிகிரி நகர்ந்திருப்பது வழக்கம். அதிகம் அடிபடுகிற ஏழும் எட்டும்தான் பெரும்பாலும் மாட்டும்.

என் விதி எளிது. பந்தை வைக்கும் டீ ஆணியைக் கையால் தரையில் குத்துங்கள். உள்ளே போனால் அடிக்கலாம், போகாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.


லோதியன்மழை | எடின்பரா | நவம்பர் 16

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் ஒரு குரல். ஜனவரி, பிப்ரவரியில் என்னிடம் வரும் கோல்ஃபர்களில் முழங்கை வலிக்காரர்கள்தான் அதிகம். கேட்டால் கதை ஒன்றுதான்: கிறிஸ்துமஸுக்குப் புது அயர்ன் வந்தது, ஆசையில் ரேஞ்சில் கூடை கூடையாக அடித்தேன். மேட்டின் அடியில் கான்கிரீட். தடித்துப் பட்ட அடியிலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் பந்து நன்றாகவே பறக்கும். கண்ணுக்குப் பிழை தெரியாது. முழங்கையின் தசைநாண் மட்டும் ஒவ்வோர் அடியையும் வாங்கிக்கொண்டிருக்கும்.

குளிரில் தசையும் தசைநாணும் இளகச் சற்று நேரமாகும். காரிலிருந்து இறங்கியதும் ஐந்தாம் அயர்னை எடுத்து முழு வீச்சு வீசாதீர்கள். வேகமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, தோளையும் இடுப்பையும் திருப்பி, வெட்ஜில் இடுப்பளவு ஸ்விங்கிலிருந்து தொடங்குங்கள். ஷாட்டுகளுக்கு நடுவே இரண்டு கைக்கும் மிட்டன் போடுங்கள். ஒரு தடித்த ஜாக்கெட்டுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, வெளியே கையில்லாத வெஸ்ட். கை சுதந்திரமாகத் திரும்பும்.

எங்கள் ஊரிலும் குளிர்காலத்தில் பல கோர்ஸ்களில் ஃபேர்வே மேட் கட்டாயம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸிலேயே குளிர்மாதங்களில் கையகல மேட்டை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். புல் வளராத காலத்தில் டிவாட் ஆறாது என்பதால் அந்த ஏற்பாடு. மழைவிரும்பி சொல்லும் டிவாட் பாடம் எங்களுக்குக் கிடைக்காது.


மழைவிரும்பி | வான்கூவர் | நவம்பர் 16

முழங்கை விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அக்கா. உறைந்த தரை பற்றியும் சரி. என் வாதம் ஈரத் தரைக்குத்தான்.


கிண்டி_காலை | சென்னை | நவம்பர் 17

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நானும் புது அயர்ன்தான். கிண்டியில் காலை ஆறு மணிக்கே 25 டிகிரி, வியர்வையில் கிரிப் வழுக்குகிறது. டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம், ஜிம்கானா கோர்ஸில் விளையாட ஏற்பாடாகியிருக்கிறது. காலையில் உறைபனி இருக்கும் என்கிறார்கள். இந்த இழையைப் படித்தால் ஊட்டியில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கிளப் கூட்டி (இன்னும் தூரம் போகும் கிளப்பாக) எடுக்க வேண்டும் போலிருக்கிறதே?


தேயிலைமலை | குன்னூர் | நவம்பர் 17

தம்பி, அதைச் செய்துவிடாதீர்கள்! ஊட்டியில் நேர்மாறு.

வென்லாக் டவுன்ஸில் இருக்கும் அந்த கோர்ஸ் ஏழாயிரம் அடிக்கு மேல். சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் எல்லோரும் குளிரைப் பார்த்து ஒரு கிளப் கூட்டுவார்கள், பந்து கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) தாண்டி கோர்ஸ் புதருக்குள் போய்விழும். கோர்ஸ் என்று நான் சொல்வது மஞ்சள் பூ பூக்கும் முள்புதர், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. அதற்குள் போன பந்தை மறந்துவிடலாம், கையை விட்டால் ரத்தம்தான். அடர்த்தி ஐயா கணக்குப் போட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.


அடர்த்தி | எடிசன், நியூ ஜெர்சி | நவம்பர் 17

சந்தோஷமாக. ஊட்டி 2,240 மீட்டர் அளவு உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும். 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 0.93 கிலோ அளவு. சென்னையில் 30 டிகிரியில் 1.16 கிலோ. ஆக, ஊட்டியின் குளிர்ந்த காற்றுகூடச் சென்னையின் சூடான காற்றைவிட 20 சதவீதம் இலேசானது. குளிர் கூட்டும் அடர்த்தியை உயரம் விழுங்கிவிட்டு மேலும் குறைக்கிறது.

தூரம் அதே 20 சதவீதம் கூடாது. ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு சதவீதம் வரும். சென்னையில் 150 போனால் அங்கே 160ஐ ஒட்டி. காலையில் பந்து விறைத்திருந்தால் அதில் சில யார்டு கழியும். தூக்குவிசையும் குறைவதால் பந்து தாழ்வாகப் பறந்து, சாய்வாக விழுந்து, கூடுதலாக ஓடும். வளைவும் குறையும். டிராவும் ஃபேடும் (வேண்டுமென்றே வளைத்து அடிப்பவை) நினைத்த அளவு திரும்பாது.

நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறதே, அங்கும் இதே கதைதான். 6,000 அடிக்கு மேலான உயரம். கொழும்பிலிருந்து போகிறவர்கள் கவனிக்க.


தேயிலைமலை | குன்னூர் | நவம்பர் 18

அருமை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறைபனி படிந்த காலையில் அவசரப்பட்டுப் புல்லில் கால் வைக்காதீர்கள். உறைந்த இலை மிதிபட்டால் உள்ளே செல்கள் உடைந்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் பார்த்தால் கிரீனில் பாதத்தடம் பாதத்தடமாகக் கருகிக் கிடக்கும். வெயில் ஏறிப் பனி கரையட்டும், ஒன்பது மணிக்கு மேல் தொடங்கினால் போதும். தாழ்ந்த பள்ளங்களில்தான் பனி கடைசியாகக் கரையும்.


வடக்குவீதி | ஸ்கார்பரோ | நவம்பர் 19

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பந்தையும் பாக்கையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு, சனி பகல் 7 டிகிரியில் அடித்தேன். கை உதறல் பாதிக்கு மேல் இல்லை. ஏழாம் அயர்ன் 140ஐத் தொட்டது. ஐயா சொன்னது சரி, லொஃப்ட் பேச்சை விட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி. பாக்கெட்டில் ஹான்ட் வார்மரோடு பந்தைப் போட்டு வைத்தால் நல்லதுதானே? மற்றது, வீட்டுக்கு வந்து கிளப்பைப் பார்த்தால் ஹெட் முழுக்க முத்து முத்தாக நீர். துடைத்த பிறகும் ஃபெரூல் (ஹெட்டும் ஷாஃப்டும் சேரும் இடத்து வளையம்) ஓரத்தில் திரும்பத் திரும்ப ஈரம் கசிகிறது. ஏதாவது பழுதா?


கிளப்பட்டறை | மிசிசாகா | நவம்பர் 19

பழுது இல்லை. குளிர்ந்த எஃகு சூடான வீட்டுக்குள் வந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும், கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும். துடைத்ததும் ஹெட் இன்னும் குளிராகவே இருப்பதால் மறுபடி படிகிறது. அரை மணி, ஒரு மணி நேரம் பாக்கிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு கடைசியாக ஒரு துடை. குரோம் பூச்சுக்குக் கீழே இருப்பது துருப்பிடிக்கும் எஃகுதான் என்பதை மறக்காதீர்கள். பூச்சில் கீறல் விழுந்த இடத்திலும் குழிக்கோடுகளிலும் ஈரம் நின்றால் செம்புள்ளி தொடங்கும். ஈரத்தோடு அயர்ன் உறை போட்டு மூடுவதுதான் கெடுதல். பூச்சில்லாத வெட்ஜ் வைத்திருந்தால் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவு.

புது கிரிப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு மேலே மிச்சம் இருக்கும். குளிரில் அது இன்னும் வழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி, பழைய பல் தூரிகை. மெதுவாகத் தேய்த்து, கிளப்பை தலை மேலே இருக்கப் பிடித்து அலசி, உலர விடுங்கள். கிரிப் நுனியில் உள்ள ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது செட்டில் உண்மையிலேயே 'பழக்க' வேண்டிய பாகம் என்று இருந்தால் அது கிரிப் மட்டும்தான்.

வார்மர் விஷயம் யாராவது விதி தெரிந்தவர் சொல்லட்டும்.


லோதியன்மழை | எடின்பரா | நவம்பர் 20

கிளப் போட்டிகளில் விதிக்குழுவில் உதவுகிறேன், நான் சொல்கிறேன். விதி 4.2: பந்தின் செயல்திறனை வேண்டுமென்றே மாற்றி அடிக்கக் கூடாது. சூடாக்குவது அங்கே பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது. தண்டனை ஸ்ட்ரோக் அல்ல, தகுதி நீக்கம். வார்மரைக் கைக்கு வைத்துக்கொள்ளலாம், பந்துக்கு வைக்கக் கூடாது. இரவு வீட்டு அறையில் பந்து இருப்பதில் தவறில்லை. நண்பர்களோடு விளையாடும் ஆட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் கைப்பழக்கம் போட்டியிலும் கூடவே வந்துவிடும்.


அடர்த்தி | எடிசன், நியூ ஜெர்சி | நவம்பர் 20

பயனும் பெரிதாக இருக்காது. ஒரு துளை விளையாடும் நேரத்தில் வார்மரின் சூடு உள்கருவரை போகாது.


வடக்குவீதி | ஸ்கார்பரோ | நவம்பர் 26

முதல் ஸ்நோ விழுந்துவிட்டது. எப்படியும் அக்டோபர் 31க்குப் பிறகு ஒன்டாரியோவில் ஸ்கோர் ஹன்டிகப்பில் (ஆட்டத்திறன் கணக்கில்) சேராது, அடுத்த ஏப்ரல் 15 வரை பதட்டமில்லை. உள்ளரங்கு சிமுலேட்டரில் நேரம் எடுத்திருக்கிறேன். அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும்?


கிளப்பட்டறை | மிசிசாகா | நவம்பர் 26

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திரையில் பெரிதாகக் காட்டும் கேரி எண்ணை முதலில் பார்க்காதீர்கள். சிமுலேட்டரில் வெப்பநிலை, உயரம் எல்லாம் யாரோ அமைத்து வைத்தது. முன்னால் வந்தவர் 30 டிகிரி, மலைமேல் கோர்ஸ் என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் ஏழாம் அயர்ன் 165 போகும். முதலில் அமைப்புக்குள் போய்க் கடல்மட்டம், 20 டிகிரி என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதையே வையுங்கள்.

பார்க்க வேண்டியவை: பந்து வேகம், ஏவுகோணம், ஸ்பின், விழும் கோணம். இவற்றில் முதல் மூன்றும் நேரடியாக உங்கள் அடியிலிருந்து வருகின்றன. பழைய ஏழாம் அயர்னையும் கொண்டுபோங்கள். இரண்டையும் மாறிமாறி அடியுங்கள், ஐந்தைந்தாக. பழையதில் 34 டிகிரி லொஃப்ட், புதியதில் 32 என்றால் தூரம் கூடியதற்கு எஃகு காரணமா லொஃப்ட் காரணமா என்று விழும் கோணம் காட்டிக்கொடுக்கும். தூரம் கூடி, விழும் கோணம் 40 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் கிரீனில் நிற்காது. அந்தத் தூரத்தால் என்ன லாபம்?

அப்புறம் முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பாதத்துக்கான பவுடர் ஸ்பிரேயை முகத்தில் மெல்ல அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். ஸ்பிரே கேமராவைக் குழப்பினால் வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கர் போதும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேவிட்டியிலிருந்து ஃபோர்ஜ்டுக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் புள்ளிகள் டோ பக்கம் (ஹெட்டின் முனைப்பக்கம்) சிதறியிருக்கும். ஜனவரிக்குள் அவை நடுவில் கூடிவந்தால் அந்தக் குளிர்காலம் வீண் போகவில்லை.

லை கோணம் பார்க்க ஒரு வழி. பந்தில் மார்க்கரால் தடிப்பாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். கோடு நேராக இருந்தால் சரி. மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது, ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் படுத்திருக்கிறது. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள், தடித்த உடுப்பில் கை நிலையே மாறிவிடும்.

மேட் ஏமாற்றாமல் இருக்க, பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டில் படாமல் பந்தை எடுக்க வேண்டும். பட்டால் அது புல்லில் தடித்த அடி. மழைவிரும்பி சொன்ன டிவாட் பாடத்தை உள்ளரங்கில் இப்படித்தான் படிக்க முடியும்.


மழைவிரும்பி | வான்கூவர் | நவம்பர் 27

துண்டு யோசனை பிடித்திருக்கிறது. அதை வைத்துச் சிமுலேட்டரில் அடிப்பவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனாலும் வடக்குவீதி, நடுவில் ஒரு நாள் 8 டிகிரி வந்து கோர்ஸ் திறந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு அயர்ன் மட்டும் எடுத்துக்கொண்டு நடங்கள். அரை ஸ்விங், தாழ்ந்த பறப்பு, ஒரு கிளப் கூட. குளிரில் வேகமாக வீசப் போனால் கிடைப்பது மெல்லிய அடிதான்.

சீசன் திறந்ததும் டென்டோனியா பார்க் போங்கள். எல்லாம் பார் 3 (மூன்று அடியில் முடிக்கும் குட்டைத் துளைகள்). விக்டோரியா பார்க் சப்வேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரொறன்ரோவில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஏப்ரலும் என் அயர்ன் பயிற்சி அங்கேதான்.


வடக்குவீதி | ஸ்கார்பரோ | டிசம்பர் 3

சிமுலேட்டரில் அடித்துவிட்டு வந்தேன். ஐயா சொன்னபடி கடல்மட்டம், 20 டிகிரி. பழைய ஏழு: பந்து வேகம் 108, கேரி 146. புதிய ஏழு: 111, 151. விழும் கோணம் இரண்டிலும் 45க்கு மேல். ஆகவே செட் சரி, நவம்பர்தான் பிழை. மார்க்கர் கோடு ஆறிலும் ஏழிலும் நேராக இருக்கிறது, எட்டில் கொஞ்சம் டோ பக்கம் சாய்கிறது. புள்ளிகள் சொன்னமாதிரியே டோ பக்கம் சிதறுகின்றன, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதிதாகக் கண்ணில் பட்டது வேறு. பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி, 117 போகிறது. அதற்கு அடுத்து என்னிடம் இருப்பது பழைய 54, அது 92. நடுவில் 25 யார்டு ஓட்டை. பழைய செட்டில் பிட்சிங் வெட்ஜ் 48 ஆக இருந்ததால் இது இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. 54ஐ 52 ஆக வளைக்கலாமா?


கிளப்பட்டறை | மிசிசாகா | டிசம்பர் 3

வளைக்கலாம், ஆனால் பவுன்ஸும் இரண்டு டிகிரி குறைந்துவிடும். 54இல் இப்போது 10 என்றால் 8 ஆகும், ஏப்ரல் சேற்றில் செருகும். அதோடு கீழே 58 பக்கம் ஓட்டை விழும். எனக்குத் தோன்றுவது, 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் எடுங்கள், 54ஐத் தொடாதீர்கள். நான்கு நான்கு டிகிரியாக 46, 50, 54 அழகாக நிற்கும்.

எட்டாம் அயர்ன் லை விஷயத்தில் உடனே ஓடிவர வேண்டாம். இன்னொரு நாளும் அடித்துப் பாருங்கள், ஒரே கிளப்பில் அதே சாய்வு வந்தால் கொண்டுவாருங்கள், அளந்து பார்த்துவிடுகிறேன். ஃபோர்ஜ்டு என்பதால் அரை டிகிரி, ஒரு டிகிரி ஐந்து நிமிட வேலை. புது வெட்ஜை நீங்களே கராஜில் ஷாஃப்ட் மாற்றி ஒட்டப் போவதாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த கராஜில் எபாக்ஸி ஒழுங்காக இறுகாது. வீட்டுக்குள், அறை வெப்பத்தில், ஒரு முழு நாள் அசைக்காமல் வையுங்கள்.


வடக்குவீதி | ஸ்கார்பரோ | டிசம்பர் 4

ஒட்டுவதை உங்களிடமே விடுகிறேன் ஐயா. 50 டிகிரி ஓர்டர் பண்ணிவிட்டு, எட்டாம் அயர்னையும் எடுத்துக்கொண்டு ஜனவரியில் வருகிறேன். ஷாஃப்ட் அயர்னில் இருப்பதையே போடலாமா, வெட்ஜுக்குக் கொஞ்சம் கனமானது வேண்டுமா?


கிளப்பட்டறை | மிசிசாகா | டிசம்பர் 4

50ஐ முழு ஸ்விங்கில்தான் அதிகம் அடிப்பீர்கள். அயர்னில் இருப்பதையே போடுங்கள்.